யன்னலோரக் கதிரையும் அப்பாவின் மீசையும்

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு அப்பாவிடமிருந்து ஒரு கேள்விக்குறி வரும். வேறு எழுத்து எதுவும் இராது. 'முன்னோட்டம் எங்கே?' என்பது அதன் பொருள். ஏழேகாலுக்கு இரண்டு கேள்விக்குறிகள் வரும். ஏழரைக்கு அம்மா அழைப்பார்.

"தம்பி, எழுதி முடிச்சிட்டியோ? இந்த மனிசன் சாப்பாட்டைக் கோப்பையிலை போட்டுவைச்சிட்டுப் போனைப் பாத்துக்கொண்டு இருக்குது."

டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்த லொறி எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று திட்டம் போடுவேன். லொறிகளைப் பற்றி நான் எழுதுவது பெரும்பாலும் நடந்துவிடும். வியாழக்கிழமை மாலைகளில் நான் எழுதுவது பெரும்பாலும் நடக்காது. அது, இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் அடிமட்டத்தில் கிடந்து மூச்சுவாங்கும் ஓர் உதைபந்தாட்டக் கழகம் வருகிற சனிக்கிழமை எப்படி விளையாடும் என்ற முன்னோட்டம்.

கழகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அப்பாவின் கட்டளை.

"பேர் எழுதின கிழமையெல்லாம் தோத்திருக்கிறாங்கள்" என்றார் ஒருநாள்.

"எழுதாத கிழமையும் தோத்தவங்கள்தானே அப்பா?"

"ஓம். ஆனால் குறைஞ்ச கோலாலை."

படித்த படிப்பு எதுவும் இந்தக் கணக்கை மறுக்க எனக்கு உதவவில்லை. அன்றிலிருந்து 'எங்கடை ஆக்கள்' என்றே எழுதிவருகிறேன்.

அப்பா இந்தக் கழகத்தைத் தேடிப் போகவில்லை. அது அவர் கையில் சீட்டாக விழுந்தது. டென்மார்க் வந்த புதிதில் கிரின்ஸ்டெட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையின் பொதி செய்யும் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் டேனிஷ்காரர் கிழமைதோறும் உதைபந்தாட்ட முடிவுகளை முன்கூட்டியே குறித்துக்கொடுக்கும் ஒரு கூப்பன் நிரப்புவார்கள். அதில் இங்கிலாந்தின் சின்னச் சின்னக் கழகங்களும் இருக்கும். பொதி செய்யும் பகுதியில் அதையொட்டி ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர் முதல்நாள் காலை, தலைமயிரை மூடும் வலைத்தொப்பிகள் வைக்கும் காகிதப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் கழகம் அவருக்கு உரியது. ஓய்வூதியம் எடுக்கும்வரை மாற்றக்கூடாது.

இதை யாரும் அப்பாவுக்கு விளக்கவில்லை. விளக்கியிருந்தாலும் அவருக்கு அப்போது டேனிஷ் தெரியாது. தன்னுடைய வேலைப் பகுதியைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், நான் எங்கே நிற்க வேண்டும் என்று சைகையால் கேட்டிருக்கிறார். ஒருவர் சீட்டை வாசித்துவிட்டு, கவலையோடு, கடைசியில் என்று தரையைக் காட்டினாராம். அப்பா போய் வரிசையின் கடைசியில் நின்றார். கழகமும் அந்த வருடம் பட்டியலில் அங்கேதான் நின்றது.

தரையைக் காட்டியவரைத்தான் எங்கள் வீட்டில் 'யன்னல்காரர்' என்போம். அப்பாவை விட மூன்று வயது மூத்த டேனிஷ்காரர். கன்ரீனில் யன்னலோரக் கதிரை அவருடையது. அப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் கன்ரீன் கதிரை என்றால் காணி உறுதிப்பத்திரம் மாதிரி. ஒருமுறை தற்காலிக வேலைக்கு வந்த ஒருவர் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அந்த மனிதர் தன்பாட்டில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார். அப்பாவின் கதிரை எதிர்மூலையில், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். அதன் கதவு திறக்கும்போதெல்லாம் அப்பாவின் பாணில் ஆவி அடிக்கும். அதில் இருந்தபடி இருபத்தெட்டு வருடமாக யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஐந்து வரை படித்தார், அம்மா ஏழு. நான் படிப்பு முடித்தபோது எழுதிய ஆய்வறிக்கை டேனிஷில் இருக்கிறது. அப்பா அதை விருந்தாளிக் கோப்பைகளோடு கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்காமலே காட்டுவார். கிடங்குகளில் பெட்டி அடுக்கும் முறை பற்றிய நூற்றுச் சொச்சம் பக்கங்கள் அது. இருபத்தெட்டு வருடம் பெட்டி அடுக்கியவருக்கு அதில் வாசிக்க என்ன இருக்கிறது? ஆக, நான் எழுதியதில் அவர் வாசிப்பது இந்த முன்னோட்டம் ஒன்றைத்தான்.

மூன்று வருடத்துக்கு முன், "படிச்சனிதானே, நாளைக்கு என்ன நடக்குமெண்டு சொல்லு பாப்பம்" என்றார். விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். எனக்கு விளையாட்டாகக் கேட்டால் விளங்காது. பரீட்சை என்றே எடுத்துக்கொண்டு, எங்கள் பலம், எங்கள் பலவீனம், எதிரணி, காலநிலை என்று நான்கு தலைப்புப் போட்டு எழுதி அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் அழைத்தார். "பலவீனம் மட்டும் ரெண்டு பக்கம் வருது. பலத்துக்குக் கீழை ஒண்டும் இல்லையே?"

"யோசிச்சனான் அப்பா. வரேல்லை."

"ஏதாவது போடு. வெறுமையாய் விட்டால் வாசிக்கிறவனுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

அப்பாவோடு அதே வரிசையில் வேலை செய்யும் மன்னார் மாமாதான் எழுத்துக்கு உயிர் கொடுத்தவர். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர், அப்பாவின் நெருங்கிய கூட்டாளி. அவருக்குச் சீட்டில் விழுந்த கழகம் படிப்படியாக ஏறி இப்போது பெரிய பிரிவில் இருக்கிறது. அதனால் அவருக்குத் தன் கழகத்தில் சுவை போய்விட்டது. எங்கள் துன்பத்தைப் பார்க்கத்தான் வருவார்.

"தம்பி, உன்ரை தமிழ் பாடப்புத்தகம் மாதிரிக் கிடக்கு" என்றார். "ஆக்களுக்குப் பட்டம் வை. அப்பதான் அடையாளம் தெரியும்."

அவரே வைத்தார். பந்துக்காப்பாளருக்கு 'மாமி'. வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். நடுப் பின்களத்தில் நிற்கும் நெடியவருக்குக் 'கச்சேரி'. ஊரிலுள்ள அரசாங்கக் கச்சேரி மாதிரி, எந்த அலுவலும் இன்றைக்கு முடியாது. முன்கள வீரருக்கு 'மாப்பிள்ளை'. எல்லாவற்றையும் காலடிக்குக் கொண்டுவந்து தந்தால் மட்டும் அசைவார்.

இப்படி, "கச்சேரிக்கு முழங்காலில் வலி, ஆகவே சனிக்கிழமை வழக்கத்தை விட மெதுவாகத் திரும்புவார்" என்று நான் எழுதுவதை அப்பா வெள்ளிக்கிழமை ஒன்பது மணி இடைவேளையில், தொழிற்சாலை கொடுக்கும் வட்டப் பாணும் சீஸும் முன்னே இருக்க, கன்ரீனில் வாசிப்பார். முதலில் மன்னார் மாமாவுக்குத் தமிழில். பிறகு மேசைக்குத் தன் டேனிஷில். கச்சேரியை டேனிஷில் எப்படிச் சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை. ஆனால் யன்னல்காரர் அந்த வீரரை இன்றுவரை 'கொம்யூன்' என்றுதான் சொல்கிறார். அது இங்கே நகரசபை.

எல்லாம் குழம்பியது ஒரு வசனத்தால். எழுதியவன் நான்.

போன பருவத்தின் முடிவில், எட்டு ஆட்டம் மிஞ்சியிருந்தது. பட்டியலின் அடியில் இருக்கும் இரண்டு கழகங்கள் பிரிவை விட்டே கீழே இறங்க வேண்டும். எங்கடை ஆக்கள் அடியிலிருந்து மூன்றாவது. அந்தக் கிழமை அப்பாவின் பகுதியில் ஓர் இயந்திரம் பழுதாகி, ஐந்து நாளும் கையால் பெட்டி மடித்திருந்தார்கள். தொலைபேசியில் குரலே களைத்திருந்தது. வெள்ளிக்கிழமை வாசிக்க ஒரு நல்ல வசனமாவது இருக்கட்டும் என்று கடைசியில் இப்படிச் சேர்த்தேன்: 'இத்தனையும் இருந்தும், இந்தப் பருவத்தில் எங்கடை ஆக்கள் கீழே இறங்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.'

மறுநாள் பத்து மணிக்கு மன்னார் மாமா அலுவலகத்துக்கே அழைத்துவிட்டார்.

"தம்பி, நீ என்னடாப்பா எழுதினனி?"

"ஏன் மாமா?"

"கொப்பர் மீசையை வைச்சிட்டார்."

"எங்கை வைச்சவர்?"

"பந்தயத்திலையடா!"

நடந்தது இதுதான். அப்பா அந்த வசனத்தை வாசித்ததும் யன்னல்காரர் சிரித்துவிட்டு, "உன் மகனுக்கு லொறிகளைத்தானே தெரியும்?" என்றிருக்கிறார். அப்பாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. என்னைப் பற்றி அவர் எதுவும் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார். வேறு யாரும் சொல்லக்கூடாது. எழும்பி நின்று, கழகம் இறங்கினால் கன்ரீனிலேயே மீசையை வழிக்கிறேன் என்றார். இறங்காவிட்டால்? யன்னல்காரர்தான் கேட்டாராம். அப்பா யன்னலைக் காட்டினார். யன்னல்காரர் தன் கதிரையைக் குனிந்து பார்த்தார், அப்பாவின் மீசையை நிமிர்ந்து பார்த்தார், கையைக் கொடுத்தார். டேனிஷ்காரர் கை கொடுத்தால் கொடுத்ததுதான்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன்.

"நான் 'என்று நினைக்கிறேன்' எண்டெல்லோ எழுதினனான்?"

"ஓம், கிடந்தது."

"வாசிச்சனீங்களோ?"

"இல்லை."

"ஏன் அப்பா?"

"நீ நினைக்கிறாயெண்டால் அது சரியாய்த்தானே இருக்கும்? பிறகென்னத்துக்கு அந்த வால்?"

பதினேழு வருடம் படித்து நான் கற்றதில் பாதி அந்த வால்தான். எதையும் இருக்கலாம், கூடும், தோன்றுகிறது என்று எழுதப் பழக்கினார்கள். அப்பா அதை மீன் துப்புரவாக்குவது மாதிரி ஒரு வெட்டில் எடுத்து எறிந்துவிட்டார்.

அம்மாவுக்குச் செய்தி போனபோது அவர் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்பாவை மீசை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. கலியாணப் படத்தில் இருக்கிறது, கடவுச்சீட்டில் இருக்கிறது, முதல் வதிவிட அட்டையிலும் இருக்கிறது. விமானத்தில் தன்னோடு வந்ததில் இன்னும் மாறாமல் இருப்பது அதுமட்டும்தான் என்று அப்பா சொல்வார். அதன் நிறம் மாறியதை எங்களில் யாரும் அவருக்குச் சுட்டிக்காட்டவில்லை.

"முப்பத்தொரு வருசம் சீவிச்சிட்டன்" என்றார் அம்மா. "அந்த மீசைக்குக் கீழை என்ன கிடக்கெண்டு எனக்கே தெரியாது. இந்த வயசிலை எனக்குப் புது மனிசன் வேண்டாம்."

"உமக்கு என்ரை முகத்திலை நம்பிக்கை இல்லையோ?" என்றார் அப்பா.

"அந்தக் கழகத்திலைதான் நம்பிக்கை இல்லை. தம்பி, வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு வா. கோயிலுக்குப் போவம்."

அந்த வெள்ளிக்கிழமையில்தான் எங்கள் தமிழ் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத பிழையை நாங்கள் செய்தோம்.

அர்ச்சனை செய்வதென்றால் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். உதைபந்தாட்டக் கழகத்துக்கு நட்சத்திரம் இல்லை. பதினொரு பேருக்கும் தனித்தனியே செய்யலாம் என்றால், யார் காயப்படுவார், யாரை நிறுத்துவார்கள் என்று தெரியாது. குடும்ப அர்ச்சனை என்றால் குடும்பத் தலைவர் பெயரில் செய்தால் போதும், மிச்சப் பேருக்கும் அது போய்ச் சேரும் என்பது அம்மாவின் முடிவு. கழகத்துக்குக் குடும்பத் தலைவர் யார்? பயிற்சியாளர். நான் காருக்குள் இருந்தபடியே அவர் பிறந்த தேதியையும் ஊரையும் தேடி எடுத்து, பஞ்சாங்கத் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். பிறந்த நேரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நாள் முழுவதும் ஒரே நட்சத்திரம்தான் இருந்தது. பூரட்டாதி. அவ்வளவு கவனமாகச் செய்தேன்.

ஐயர் அர்ச்சனைச் சிட்டையை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலப் பெயர். கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

"ஆர் இவர்?"

"எங்கடை ஆள்தான் ஐயா" என்றார் அம்மா. "இங்கிலாந்திலை இருக்கிறார். உத்தியோகத்திலை கொஞ்சம் கஷ்டம்."

ஐயர் அந்தப் பெயரைப் பூரட்டாதியோடு சேர்த்து மூன்று தரம் தெளிவாகச் சொல்லி, உத்தியோக உயர்வும் வேண்டி, தீபம் காட்டினார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதே நேரம் மன்னார் மாமா புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தார். "தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர். எங்கடை ஆக்கள் தொண்ணூறு நிமிசமும் பந்தைத் தொலைக்கிறவங்கள். அவரை விட்டால் ஆர்?" என்பது அவர் நியாயம்.

செவ்வாய்க்கிழமை காலை கழகத்தின் தளத்தில் செய்தி வந்தது. பயிற்சியாளர் விலகுகிறார். இரண்டு பிரிவு மேலே உள்ள ஒரு பெரிய கழகம் அவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்துவிட்டது. சம்பளமும் கூட என்று பேச்சு.

அம்மாவை அழைத்துச் சொன்னேன்.

"பலிச்சிட்டுது" என்றார் மெல்ல.

"என்ன பலிச்சது அம்மா?"

"நாங்கள் அந்தாளுக்கெல்லோ கேட்டனாங்கள். கழகத்துக்குக் கேக்கேல்லையே. கடவுள் பேரும் நட்சத்திரமும் பாத்துக் குடுத்திட்டார்."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "பிறந்த தேதி தேடிக் குடுத்தவர் ஆர்? படிச்சவர்!"

கோயில் பக்கம் இனிப் போக வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். போனால் மாமியும் மாப்பிள்ளையும்கூட முன்னேறிப் போய்விடுவார்கள் என்று பயம்.

பயிற்சியாளர் இல்லாமல் எங்கடை ஆக்கள் ஒன்றில் வென்றார்கள், இரண்டில் சமன் செய்தார்கள், மிச்சத்தில் தோற்றார்கள். அவர் இருந்தபோதும் ஏறக்குறைய அப்படித்தான். நான் ஒவ்வொரு வியாழனும் எழுதி அழித்து எழுதினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு மீசை தெரிந்தது. கடைசி ஆட்டம் வந்தபோது நிலைமை இப்படி இருந்தது: அடியில் ஒரு கழகத்தின் கதை ஏற்கெனவே முடிந்துபோயிற்று. இறங்க வேண்டிய இரண்டாவது, எங்கடை ஆக்கள், அல்லது எங்களுக்கு ஒரு புள்ளி கீழே நின்ற இன்னொரு கழகம். அந்த இன்னொரு கழகத்துக்குக் கடைசி ஆட்டம், யன்னல்காரருக்குச் சீட்டில் விழுந்த கழகத்தோடு.

அந்த வியாழன் அப்பா கேள்விக்குறி அனுப்பவில்லை. அழைத்தார்.

"இந்தமுறை எனக்காக ஒண்டும் எழுதாதை. உள்ளதை எழுது."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூன்று வசனம் எழுதினேன். 'எங்கடை ஆக்கள் சனிக்கிழமை தோற்பார்கள். மற்றக் கழகமும் தோற்றால் மட்டும் தப்புவோம். அவர்களைத் தோற்கடிக்க வேண்டியது யன்னல்காரரின் கழகம்.' வால் எதுவும் போடவில்லை.

மறுநாள் அதை அப்பா கன்ரீனில் வாசித்து மொழிபெயர்த்தபோது, யன்னல்காரர் பாணை மெல்லுவதை நிறுத்திவிட்டார் என்று மன்னார் மாமா சொன்னார். அவருடைய கழகம் பட்டியலின் நடுவில், வெல்லவும் தேவையில்லை தோற்கவும் பயமில்லை என்ற நிலையில் இருந்தது. அது வென்றால் அவர் கதிரை போய்விடும். தோற்றால் கதிரை நிற்கும். இத்தனை வருடமும், அது தோற்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டுக்கே வந்தார். மீசை இருக்கும் அறையில்தான் முடிவைப் பார்ப்பாராம். வெறுங்கையோடு வரவில்லை. சிவப்பு நாடா கட்டிய ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். திறந்தால், மின்சார சவர இயந்திரம். அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்ல சாமான் என்று டேனிஷில் நன்றி சொன்னார். அம்மா பொரித்த ரோல்ஸ் அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து அதற்கு மேலேயே வைத்தார்.

தொலைக்காட்சியில் எங்கள் ஆட்டம். என்னுடைய மடிக்கணினியில் மற்ற ஆட்டம். மன்னார் மாமா இரண்டுக்கும் நடுவில் கதிரை போட்டுக்கொண்டார்.

இருபதாவது நிமிடத்தில் மாமி ஒன்று கொடுத்தார். இடைவேளைக்கு முன் கச்சேரி ஒருவரைத் துரத்தப் புறப்பட்டு, அந்த ஆள் கோல் அடித்து நண்பர்களைக் கட்டிப்பிடித்து முடிந்தபிறகு போய்ச் சேர்ந்தார். இரண்டுக்குப் பூச்சியம்.

"முன்னோட்டம் அந்தமாதிரிச் சரி" என்றார் மன்னார் மாமா. "தம்பிக்கு இப்பதான் கை வந்திருக்கு."

மற்ற ஆட்டத்தில் கோல் இல்லை. அது அப்படியே முடிந்தால் இரண்டு கழகத்துக்கும் ஒரே புள்ளி, கோல் கணக்கில் எங்கடை ஆக்கள் கீழே. எழுபது நிமிடம். எண்பது. அப்பாவின் கை மீசையின் இடது நுனிக்குப் போய் அங்கேயே நின்றது. அது தன்பாட்டில் நடந்தது என்று நினைக்கிறேன். அம்மா சமையலறை வாசலில் நின்று திரையைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீசை என்பது ஒரு மயிர்தான், மூன்று கிழமையில் வளர்ந்துவிடும். ஆனால் கன்ரீன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவர் வழிப்பது என் வசனத்தை நம்பியதற்காக.

யன்னல்காரர் மடிக்கணினிப் பக்கம் குனிந்திருந்தார். ரோல்ஸ் ஒன்று பாதி கடித்தபடி கையில்.

"இஞ்சை பாருங்கோ" என்று அம்மா தமிழில் மெதுவாகச் சொன்னார், "அவர் தன்ரை ஆக்கள் அடிக்கக்கூடாதெண்டு மன்றாடுறார் போலை."

எண்பத்தாறாவது நிமிடம் அவருடைய கழகத்துக்கு மூலை உதை கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. ஒரு கூட்டம் எழும்பியது. யாருடைய தலை என்று தெரியவில்லை, பந்து வலைக்குள் கிடந்தது.

யன்னல்காரர் "யா!" என்று அலறிக்கொண்டு எழும்பினார். பக்கத்தில் இருந்த மன்னார் மாமாவைக் கட்டித் தூக்கினார். தேநீர் கவிழ்ந்தது, ரோல்ஸ் பறந்தது. இரண்டு கையையும் மேலே உயர்த்தி அறை நடுவில் நின்றார். அப்படியே நின்றார். கை மேலேயே இருந்தது, முகத்தில் மட்டும் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. தன் கதிரை அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா எழும்பி அவருக்கு முன்னால் போய், மிகவும் மரியாதையாகக் கையை நீட்டினார். "நன்றி" என்றார் டேனிஷில்.

எங்கடை ஆக்கள் தோற்று, தப்பினார்கள். அம்மா ரோல்ஸ் தட்டைத் தூக்கி, கீழே இருந்த சவர இயந்திரத்தை எடுத்து, நாடாவை ஒழுங்காகத் திரும்பக் கட்டி, புறப்படும்போது யன்னல்காரர் கையிலேயே கொடுத்துவிட்டார். மீன் கட்லட் ஒரு பொதியும் சேர்த்து.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அப்பா யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அன்று மாலை அம்மாவோடு பேசும்போது கேட்டேன், எப்படி இருந்ததாம் என்று.

"ஒண்டும் சொல்லுறாரில்லை. ஆனால் நாளைக்கு வேலைக்குக் கழுத்துச் சால்வை எடுத்து வைச்சிருக்கிறார்."

"இந்த வெயிலுக்கோ?"

மிச்சத்தை மன்னார் மாமாதான் சொன்னார். அந்த யன்னல் சட்டத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. அதற்குள்ளால் காற்று நேரே பிடரியில் அடிக்கும். யன்னல்காரர் இத்தனை வருடமும் அதைத் தாங்கிக்கொண்டு ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. இப்போது அவர் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஆவியில் கன்னம் சிவக்க, இவ்வளவு இதமான இடத்தை ஏன் யாரும் தனக்கு முன்பே சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அப்பா சால்வையோடு யன்னலோரம் இருக்கிறார். மாற்றிக்கொள்வோமா என்று மன்னார் மாமா கேட்டதற்கு, "என்ன கதை கதைக்கிறீர் ஐசே? நல்ல வெளிச்சம்" என்றாராம்.

வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கேள்விக்குறி வந்தது. நான் அழைத்தேன்.

"அப்பா, பருவம் முடிஞ்சுது. ஆவணி வரைக்கும் ஆட்டம் ஒண்டும் இல்லை."

"அது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஏதாவது எழுது."

"என்னத்தைப் பற்றி எழுதுறது?"

"அடுத்த வருசத்தைப் பற்றி எழுதன். அந்தக் கதிரையிலை இருந்து இன்னும் ஒண்டும் வாசிக்கேல்லை."

எழுதினேன். கச்சேரிக்கு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள், அதை முடித்துக் கையெழுத்துப் போட அவர் எத்தனை நாள் எடுத்தாரோ தெரியாது. மாமி தொடர்கிறார், வருகிறவர்களுக்குக் குறைவிருக்காது. புதுப் பயிற்சியாளரின் பிறந்த தேதியை நான் தேடப்போவதில்லை. கடைசியில் பழைய பழக்கத்தில் கை போய்விட்டது: 'அடுத்த பருவத்திலும் எங்கடை ஆக்கள் கீழே இறங்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.'

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மன்னார் மாமா அழைத்தார். அப்பா சால்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வெளிச்சத்துக்குப் போனைச் சரித்துப் பிடித்து, நிதானமாக வாசித்தாராம். யன்னல்காரர் எதிர்மூலையிலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

"கடைசி வசனம் வாசிச்சவரோ மாமா?"

"வாசிச்சவர்."

"முழுசாயோ?"

"முழுசாய்த்தான். அந்த 'நினைக்கிறேன்' இருக்கெல்லோ, அதை மட்டும் ரெண்டு தரம் வாசிச்சவர். தமிழிலை ஒருக்கால், டேனிஷிலை ஒருக்கால். டேனிஷிலை சொல்லேக்கை மீசையைக் கையாலை மூடிக்கொண்டு சொன்னவர்."